மே ஹொங் சொன் மலைச்சுற்று: தம்பதியாக, வழிகாட்டியுடன் பைக்கில் செல்ல ஆலோசனை தேவை

தாராபுரத்தான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வரும் நவம்பர் மாதக் கடைசியில் நானும் என் மனைவியும் வடதாய்லாந்தின் மே ஹொங் சொன் மலைச்சுற்றை மோட்டார் சைக்கிளில் சுற்றிவர எண்ணியிருக்கிறோம். சியாங் மாயில் தொடங்கி அங்கேயே வந்து முடியும் இந்தப் பாதை ஏறத்தாழ 600 கிலோமீட்டர் நீளம் கொண்டது; மொத்தம் 1,864 வளைவுகள் என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையோடு கணக்குச் சொல்கிறார்கள்.

எனக்கு வயது 54, மனைவிக்கு 50. முப்பது ஆண்டுகளாக பைக் ஓட்டுகிறேன். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் எனக்குப் பழக்கம். மனைவி எப்போதும் பின்னிருக்கையில்தான் வருவார். அவருக்கு அடிமுதுகில் வலி இருப்பதால் ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ச்சியாக உட்கார முடியாது. ஆனாலும் இந்தப் பயணத்துக்கு என்னைவிட ஆவலாக இருப்பவர் அவர்தான்.

ஒரு பயண ஏற்பாட்டாளர் நான்கு நாள் திட்டம் ஒன்றை அனுப்பியிருக்கிறார். முன்னால் ஒரு வழிகாட்டி, நடுவில் எட்டு வண்டிகள், கடைசியில் பெட்டிகளைச் சுமந்துவரும் வேன் என்பது ஏற்பாடு. எங்களுக்கு நான்கு நாள் போதுமா? குழுவோடு போவது நல்லதா, வழிகாட்டியை எங்களுக்கு மட்டும் அமர்த்திக்கொள்ளலாமா? எந்த வண்டி, என்னென்ன ஆவணங்கள் என்பதையும் போய்வந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பின்னிருக்கை

வணக்கம் ஐயா. இதே சுற்றை என் கணவரின் பின்னால் அமர்ந்து இருமுறை முடித்தவள் நான் என்பதால், உங்கள் மனைவியின் பக்கத்திலிருந்து பேசுகிறேன். நான்கு நாள் திட்டத்தை ஏற்காதீர்கள்.

ஓட்டுபவருக்கு அடுத்த வளைவு கண்ணில் படுகிறது, கையில் பிடியும் இருக்கிறது. பின்னால் இருப்பவரோ ஒவ்வொரு பிரேக்குக்கும் முன்னால் சரியாமலும், ஒவ்வொரு முறை ஆக்சிலரேட்டரைத் திருகும்போதும் பின்னால் சாயாமலும், இடுப்பாலும் தொடையாலும் நாள் முழுவதும் தன்னைத் தாங்கிக்கொண்டே வர வேண்டும். சியாங் மாய்க்கும் பாய் என்ற ஊருக்கும் இடையில் மட்டும் 762 வளைவுகள் என்று சொல்வார்கள். அத்தனை முறையும் இந்த வேலை உண்டு. ஆகவே ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை முடிவு செய்ய வேண்டியது உங்கள் முப்பது ஆண்டு அனுபவம் அல்ல, அவருடைய முதுகு.

முதல் முறை நாங்களும் நான்கு நாளில்தான் போனோம். வழிகாட்டி நல்ல இளைஞர்; ஆனால் குழுவில் தனியாக ஓட்டிய ஆறு பேரின் வேகத்துக்கே அவர் ஓட்ட வேண்டியிருந்தது. மூன்றாம் நாள், மே ஹொங் சொன்னிலிருந்து பாய் செல்லும் ஏற்றத்தில் என் வலது கால் மரத்துப்போய், நிறுத்திய இடத்தில் இறங்க முடியாமல் கணவரின் தோளைப் பிடித்துத் தொங்கினேன். மீதி வழியை வேனில் கடந்தேன். பாங் மாபாவுக்கு அருகில் உள்ள தாம் லோட் குகையையும், நேரமில்லை என்று சொல்லித் தாண்டிவிட்டார்கள்.

மறு ஆண்டு எங்கள் இருவருக்கு மட்டும் ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு ஆறு நாளாகப் போனோம். செலவு கூடியது உண்மைதான், ஆனால் அந்தக் குகைக்குள் மூங்கில் தெப்பத்தில் அமர்ந்து, முன்னால் நின்ற பெண் தூக்கிப் பிடித்த காடா விளக்கின் வெளிச்சத்தில் தண்ணீருக்குள் மீன்கள் கூட்டமாகத் திரும்புவதைப் பார்த்தோம். சூரியன் இறங்கும் நேரத்தில் உழவாரக் குருவிகள் ஆயிரக்கணக்கில் குகைவாயைச் சுற்றிச் சுழன்று உள்ளே நுழைந்தன. அதைப் பார்த்து முடிக்கும்வரை எங்களை யாரும் அவசரப்படுத்தவில்லை.

நாங்கள் போன வழி இது: முதல் நாள் தாய்லாந்தின் உயர்ந்த சிகரமான, 2,565 மீட்டர் உயரமுள்ள தோய் இன்தனோனைப் பார்த்துவிட்டு மே சேமில் தங்கல், இரண்டாம் நாள் மலைக்குள்ளாகவே குறுக்கே சென்று குன் யுவாம். இதனால் வழக்கமான சுற்றில் வரும் மே சரியாங் ஊர் விட்டுப்போகும், ஆனால் ஒரே மூச்சில் 190 கிலோமீட்டர் உட்கார வேண்டிய நாள் ஒன்று குறையும். நவம்பரில் குன் யுவாம் மலைச்சரிவுகள் முழுவதும் புவா தோங் என்ற மஞ்சள் காட்டுச் சூரியகாந்தி பூத்திருக்கும். கடைசி வாரத்துக்கு மேல் தள்ளிப்போடாதீர்கள். மூன்றாம் நாள் மே ஹொங் சொன் வரை 65 கிலோமீட்டர்தான். நான்காம் நாள் வண்டியைத் தொடவே வேண்டாம். ஏரிக்கரையில் பர்மியப் பாணியில் கட்டிய இரட்டை விகாரைகளைப் பார்த்துவிட்டு மனைவி படுத்து இளைப்பாறட்டும். ஐந்தாம் நாள் குகை வழியாகப் பாய், ஆறாம் நாள் சியாங் மாய்.

இன்னொன்று. ஓட்டும்போது பேசினால் காற்றில் கேட்காது. தோளில் ஒரு தட்டு என்றால் மெதுவாகப் போகவும், இரண்டு தட்டு என்றால் உடனே நிறுத்தவும் என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். இரண்டு தட்டு விழுந்தால் ஏன் என்று கேட்காமல் ஓரம் கட்டிவிடுங்கள்.

செயின் ஸ்பிராக்கெட்

சகோதரி சொன்ன நாள் கணக்கை அப்படியே வழிமொழிகிறேன். வண்டியையும் ஆவணங்களையும் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

இருவருக்கு 300 சிசி வண்டி ஏற்றத்தில் திணறும். ஹோண்டா சிபி 500 எக்ஸ் போல நிமிர்ந்து உட்காரும் வண்டி பொருத்தமாக இருக்கும். புறப்படும் முன் பின் ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கை இருவர் எடைக்கு இறுக்கித் தரச் சொல்லுங்கள். வாடகை வண்டிகள் பெரும்பாலும் ஒருவர் எடைக்கே வைக்கப்பட்டிருக்கும். அப்படியே ஓட்டினால் பின்பாகம் அமுங்கி முன் சக்கரம் இலேசாகி, வளைவில் வண்டி வெளிப்பக்கமாகவே ஓடும். இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வராமல் கியரைக் குறைத்து இன்ஜின் பிடிப்பில் இறங்குங்கள். முன்னால் தள்ளும் உலுக்கல் குறைவதால் மனைவியின் முதுகுக்கும் அது நல்லது. அங்கும் நம்மைப் போல இடப்பக்க ஓட்டம் என்பது பெரிய நிம்மதி.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் படிவம் 4ஏ கொடுத்து பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அதில் மோட்டார் சைக்கிள் பிரிவு குறிக்கப்பட்டிருக்கிறதா என்று வாங்கிய இடத்திலேயே பாருங்கள். ஓராண்டுதான் செல்லும். பயணக் காப்பீட்டில் பைக் ஓட்டி ஏற்படும் காயம் சேருமா, எத்தனை சிசி வரை சேரும், பின்னிருக்கையில் இருப்பவருக்கும் உண்டா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாடகைக்குப் பிணையாக பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டாம். ஒருமுறை சிறு கீறலுக்காக என் பாஸ்போர்ட்டை ஒரு கடையில் பிடித்துவைத்துக்கொண்டதால் ஒரு முழுப் பகலை இழந்தேன். பணமாகவே முன்தொகை கட்டிவிடுங்கள்.

மேகமலை வாசி

வியட்நாமின் ஹா ஜியாங் சுற்றையும் யோசித்துப் பாருங்கள் ஐயா. மா பி லெங் கணவாயின் காட்சிக்கு ஈடே இல்லை.

செயின் ஸ்பிராக்கெட்

நண்பரே, காட்சியில் சந்தேகமில்லை. ஆனால் இந்தியாவில் தருவது 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படியான அனுமதி. வியட்நாம் 1968ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின்படியானதையே ஏற்கிறது. அந்த அனுமதியை வைத்து அங்கே 500 சிசி வண்டி ஓட்டி விபத்து நேர்ந்தால் காப்பீடு கைகொடுக்காது. உள்ளூர் ஓட்டுநர்களின் பின்னால் ஆளுக்கொரு வண்டியில் அமர்ந்து போகலாம், அது முறையான வழி. ஆனால் ஐயாவும் அம்மாவும் ஒரே வண்டியில் போக ஆசைப்படுகிறார்கள்.

தாராபுரத்தான்

மிக்க நன்றி. இந்தப் பதில்களை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன், கால் மரத்துப்போன இடத்தில் "நான் சொன்னால் நீங்கள் கேட்டீர்களா?" என்றார். நான்கு நாள் திட்டத்தை வேண்டாம் என்று எழுதிவிட்டேன். எங்களுக்கு மட்டும் ஒரு வழிகாட்டி, ஆறு நாள், நடுவில் ஒரு நாள் ஓய்வு என்று வேறொருவரிடம் பேசியாகிவிட்டது. நவம்பரில் விடுப்பு கிடைக்காவிட்டால் பிப்ரவரிக் கடைசியில் போகலாமா என்பது மட்டும் பாக்கி.

பின்னிருக்கை

பிப்ரவரிக் கடைசி வேண்டாம் ஐயா. அப்போது வயல்களிலும் காடுகளிலும் தீ வைக்கும் காலம் தொடங்கி ஏப்ரல் வரை நீளும். புகையில் எதிர்மலைகூடத் தெரியாது, மூச்சும் எரியும். நவம்பர் தவறினால் டிசம்பரிலோ ஜனவரியிலோ போங்கள், பூக்கள் மட்டும் கிடைக்காது. காலையில் குளிர் கடுமையாக இருக்கும் என்பதால் மனைவிக்குக் காற்றுப் புகாத மேல்சட்டையும் இடுப்பில் கட்டும் முதுகுப் பட்டையும் இங்கேயே வாங்கி, இரண்டையும் போட்டுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவருமாகக் கொல்லிமலைக்கு ஏறி இறங்கிப் பாருங்கள்.