பாலினமே இல்லாத பாத்திரத்தைத் தமிழில் எப்படி எழுதுவது?

கேள்வி:
வேற்றுக்கிரகக் கதை ஒன்று எழுதுகிறேன், அங்கே ஆண், பெண் பிரிவே கிடையாது. ஆனால் தமிழில் வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடுகிறதே! வந்தான், வந்தாள் இரண்டும் ஆகாது, 'வந்தது' என்றால் ஏதோ ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில் 1:
'அவர் வந்தார்' போதுமே.

பதில் 2:
போதாது. பத்து வயதுப் பிள்ளையை வீட்டிலேயே 'வந்தார்' என்றால் சிரிப்புதான் வரும். தன்மையில் எழுதிப் பாருங்கள்: வந்தேன், போனேன், எதிலும் பால் தெரியாது. நீ, நீங்கள் என்று பேசும்போதும் அப்படியே. அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குயின் 1969இல் வந்த நாவலில் நிலையான ஆண், பெண் பிரிவு இல்லாதவர்களை ஆங்கிலத்தில் 'ஹீ' (அவன்) என்றே எழுதினார், எல்லாரும் ஆண்களாகவே தெரிகிறார்கள் என்று விமர்சனம் வந்தது, முதலில் அதை நியாயப்படுத்தியவர் பிறகு மனம் மாறினார்.

பதில் 3:
இலக்கணம் இருக்கட்டும், அந்த ஆளுக்கு என்ன பயம், யாரிடம் கடன்? என் கதையில் வந்த திருநங்கையைப் பற்றி ஒரு திருநங்கைத் தோழி கேட்டது: "இவள் சாப்பிடவே மாட்டாளா, எப்போதும் அழுதுகொண்டே இருக்கிறாளே?"

கேட்டவர்:
சரி, தன்மைக்கு மாற்றுகிறேன். முதல் அத்தியாயம் முழுக்க மறுபடி எழுத வேண்டுமே, ஐயோ.