பாண்டுங்கிலிருந்து யோக்யகர்த்தாவுக்கு ரயில்: எக்செகுடிஃப் வகுப்புக்குக் கூடுதல் பணம் கொடுப்பது தகுமா?

தக்கலைக்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் மே மாதம் நானும் கணவரும், பத்து வயது மகனும், அறுபத்தெட்டு வயதான என் அம்மாவும் இந்தோனேசியாவின் ஜாவாத் தீவுக்குச் செல்லவிருக்கிறோம். பாண்டுங்கில் இரண்டு நாள் தங்கிவிட்டு, அங்கிருந்து ரயிலில் யோக்யகர்த்தா சென்று, பொரோபுதூர் பௌத்த நினைவுச்சின்னத்தையும் பிரம்பனான் இந்துக் கோயில்களையும் பார்ப்பது திட்டம். அந்த ரயில் பயணத்துக்கு ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஆகும் என்று அறிகிறேன்.

லோடயா என்னும் வண்டியில் எக்செகுடிஃப் என்னும் உயர் வகுப்பு, எகோனோமி என்னும் சாதாரண வகுப்பு என்று இரண்டு இருக்கின்றன. பகல் பயணம் என்பதால் படுக்கை தேவையில்லை. நான்கு பேரும் எதிரெதிரே அமர்ந்து பேசிக்கொண்டே போக எகோனோமியே வசதி என்று கணவர் சொல்கிறார். எனக்கோ அம்மாவின் முழங்காலை நினைத்துத்தான் தயக்கம். அவரால் காலை மடக்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. நாகர்கோவிலிலிருந்து சென்னைக்குப் போவதென்றாலும் கீழ்ப்படுக்கை கிடைத்தால்தான் கிளம்புவார்.

இன்னொரு குழப்பமும் உண்டு. சீட்டு வாங்கும் செயலியில் ஒரே வண்டியின் ஒரே வகுப்புக்கு மூன்று நான்கு விலைகள் காட்டுகின்றன; பக்கத்தில் ஏ, எச், ஐ, ஜே என்ற எழுத்துகள் இருக்கின்றன. விலை கூடிய எழுத்தை எடுத்தால் இருக்கை நன்றாக இருக்குமா? அங்கே ரயிலில் போய்வந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

முட்டம் கடலோடி எழுதியது:

சகோதரி, கப்பல் வேலையில் இருந்த காலத்தில் சுரபாயாவின் தஞ்சோங் பேராக் துறைமுகத்தில் எங்கள் கப்பல் பழுதுபார்ப்புக்காக நிற்கும்போதெல்லாம், கிடைத்த விடுப்பில் ஜாவாவின் குறுக்கே ரயிலில் போய்வருவது என் வழக்கம். இரண்டு வகுப்பிலும் போயிருக்கிறேன்.

முதலில் அந்த எழுத்துகளை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில் நானே ஏமாந்தவன். எக்செகுடிஃபில் ஏ, எச், ஐ, ஜே என்பதும், எகோனோமியில் சி, பி, க்யூ, எஸ் என்பதும் கட்டணப் படிகளே தவிர வசதிப் படிகள் அல்ல. மலிவான படியில் ஒதுக்கிய சீட்டுகள் தீர்ந்ததும் அடுத்த படிக்கு விலை ஏறும், அவ்வளவுதான். ஏறிப் பார்த்தால் பெட்டியும் ஒன்று, இருக்கையும் ஒன்று. நான் முதல் முறை ஏ என்றால் ஏதோ உயர்ந்தது என்று நினைத்து அதிகம் கொடுத்து வாங்கினேன். பக்கத்து இருக்கைக்காரர் ஜே படியில் வாங்கிக்கொண்டு என்னைவிட வசதியாகத் தூங்கிக்கொண்டு வந்தார். இருக்கை எண்ணோடு வரும் ஏ வேறு. அது சன்னலோரத்தைக் குறிக்கும். எக்செகுடிஃபில் ஏ, டி இரண்டும் சன்னலோரம். பி, சி இரண்டும் நடைபாதையோரம்.

இனி முழங்கால் விஷயத்துக்கு வருகிறேன். நம் குமரி மாவட்டத்துக்கு 1979இல் ரயில் வந்தபோதே அகலப் பாதையாகத்தான் வந்தது. ஆகவே குறுகிய பாதையில் ஓடும் பெட்டி எப்படியிருக்கும் என்பது நமக்குப் பழக்கமில்லை. ஜாவாவின் தண்டவாள இடைவெளி 1067 மில்லிமீட்டர், நம்முடையது 1676. அங்கே பெட்டியின் அகலம் ஏறத்தாழ 3 மீட்டர்; நம் புதிய எல்.எச்.பி. பெட்டியைவிட ஒரு சாண் குறைவு. அந்தக் குறைந்த அகலத்தில் பழைய வகை எகோனோமிப் பெட்டி ஒரு வரிசையில் மூன்றும் இரண்டுமாக ஐந்து பேரை உட்கார வைக்கிறது. ஒரு பெட்டிக்கு 106 பேர். முதுகு நேராக நிமிர்ந்த, சாய்க்க முடியாத இருக்கைகள், எதிரெதிராகப் பொருத்தப்பட்டவை. எதிரே இருப்பவரின் முழங்கால் உங்கள் முழங்காலைத் தொடும். உங்கள் கணவர் சொல்லும் 'எதிரெதிரே பேசிக்கொண்டு போகும்' வசதியின் மறுபக்கம் இதுதான். அம்மா காலை நீட்ட வேண்டுமென்றால் மருமகன் தம் காலை மடியில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

எக்செகுடிஃப் பெட்டியில் வரிசைக்கு இரண்டும் இரண்டுமாக மொத்தம் 50 இருக்கைகள். முதுகைச் சாய்க்கலாம், காலைத் தாங்க அடியில் பலகை உண்டு, செல்பேசிக்கு மின்னிணைப்பு உண்டு. இதில் உங்களுக்கு முக்கியமானது வேறொன்று. அந்த இருக்கைகளின் அடியில் உள்ள மிதியை அழுத்தி இரண்டு இருக்கைகளையும் சேர்த்து அப்படியே திருப்பிவிடலாம். அடுத்தடுத்த வரிசையில் நான்கு இருக்கைகள் வாங்கி முன்வரிசையைத் திருப்பினால் நால்வரும் எதிரெதிரே அமரலாம். அம்மாவுக்குக் கால் வலித்தால் மறுபடி திருப்பிவிட்டுச் சாய்ந்து கொள்ளச் சொல்லலாம். இரண்டு பேர் விருப்பமும் ஒரே சீட்டில் நிறைவேறும். நான் போன காலத்தில் எகோனோமியைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கட்டணம். நம் ரூபாய் ஒன்றுக்கு இருநூறு ரூபியாவுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும் என்பதால், எண்களில் இருக்கும் பூச்சியங்களைக் கண்டு திகைக்க வேண்டாம்.

அந்தப் பாதையை நான் ஒருபோதும் இரவில் எடுக்கமாட்டேன். பாண்டுங் கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வண்டி அங்கிருந்து கிழக்கே மேலும் ஏறி, 848 மீட்டர் உயரத்திலுள்ள நாக்ரெக் நிலையத்தைக் கடக்கும். இப்போது வண்டி ஓடும் நிலையங்களில் அந்நாட்டிலேயே உயரமானது அதுதான். பிறகு மலைச்சரிவில் வளைந்து வளைந்து இறங்கும்போது, வளைவில் நம் வண்டியின் எஞ்சினே சன்னலில் தெரியும். கீழே படிப்படியாக நெல்வயல்கள். சிப்பெயுந்தெய் என்ற சிறிய நிலையத்தில் எல்லா வண்டிகளும் நின்றே ஆக வேண்டும்; இறக்கம் கடுமையானது என்பதால் அங்கே தடைக்கருவிகளைச் சோதித்த பிறகுதான் அனுப்புவார்கள். அந்தச் சில நிமிடங்களில் இறங்கி நின்று அம்மா காலை உதறிக்கொள்ளலாம். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் மாலை ஆறு மணியளவில் இருட்டிவிடும். ஆகவே காலை வண்டியை எடுங்கள். லோடயாவில் காலை வண்டியும் உண்டு. இல்லையென்றால் சுரபாயா வரை போகும் ஆர்கோ விலிஸ் இருக்கிறது. அதில் 2022இன் இறுதியில் அறிமுகமான பனோரமிக் பெட்டியையும் இணைக்கிறார்கள்; பெரிய சன்னல்களும் கூரையில் கண்ணாடியும் கொண்டது. விலை எக்செகுடிஃபைவிட அதிகம். பையனுக்கு ஆசை காட்டிவிட்டுப் பிறகு என்னைத் திட்டாதீர்கள்.

நாகர்கோவில் டவுன் எழுதியது:

முட்டத்து அண்ணாச்சி சொன்னதில் பெரும்பாலானவற்றை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எகோனோமியைப் பற்றிய அவருடைய சித்திரம் எல்லா வண்டிக்கும் பொருந்தாது. வரிசைக்கு நான்கு பேர் மட்டும் அமரும் எகோனோமிப் பெட்டிகள் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அண்மையில் 'நியூ ஜெனரேஷன்' என்ற பெயரில் மாற்றியமைத்த பெட்டிகளில் 72 இருக்கைகள்தான். அவற்றைச் சாய்க்கலாம், திருப்பவும் செய்யலாம். அப்படிப்பட்ட ஒன்றில் நான் ஐந்து மணி நேரம் போனேன், எந்தக் குறையும் இல்லை. ஆகவே வகுப்பின் பெயரை மட்டும் பார்க்காமல், செயலியில் இருக்கை வரைபடத்தைத் திறந்து வரிசைக்கு எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். வரைபடத்தில் ஐந்து கட்டம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

அங்கே சாதாரண வகுப்பு என்றால் நெரிசல் என்ற எண்ணமும் பழையது. 2012 சனவரியில் ஜகார்த்தாவின் புறநகர் வண்டிகளில் கூரைமேல் ஏறிப் போவோரைத் தடுக்கத் தண்டவாளத்துக்கு மேலே சிமெண்டு உருண்டைகளைத் தொங்கவிட்டதை அப்போது நம் செய்தித்தாள்களில்கூட எழுதினார்கள். 2009 முதல் 2014 வரை அந்நாட்டு ரயில் நிறுவனமான கே.ஏ.ஐ.யின் தலைவராக இருந்த இக்னாசியஸ் ஜோனான் காலத்தில் நிலைமை தலைகீழாக மாறியது. இப்போது நெடுந்தூர வண்டிகளில் எந்த வகுப்பானாலும் குளிர்சாதனம் உண்டு, ஒருவருக்கு ஓர் எண்ணிட்ட இருக்கை உண்டு. நம்மூரைப் போல் காத்திருப்போர் பட்டியலோ பாதி இருக்கையோ கிடையாது. சீட்டு இருந்தால் இருக்கை, இல்லையென்றால் இல்லை.

ஆனாலும் சகோதரி, அம்மாவோடு ஏழு மணி நேரம் என்றால் நானும் எக்செகுடிஃபையே எடுப்பேன். என் மறுப்பெல்லாம், யோக்யகர்த்தாவைச் சுற்றிச் செல்லும் சிறு பயணங்களுக்கும் உயர் வகுப்பைத் தேடி அலைவதற்குத்தான். யோக்யகர்த்தாவுக்கும் பக்கத்து நகரான சோலோவுக்கும் இடையே 2021 முதல் மின்சாரப் புறநகர் வண்டி ஓடுகிறது. அதில் வகுப்பே கிடையாது, கட்டணம் 8,000 ரூபியா. நம் பணத்தில் நாற்பது ரூபாய்ச் சொச்சம். அதிலேயே பிரம்பனான் நிலையத்தில் இறங்கினால் கோயில் பக்கம்தான்.

வகுப்போடு சேர்ந்த இன்னொரு செய்தி, எந்த நிலையம் என்பது. பாண்டுங்கில் உயர் வகுப்புள்ள வண்டிகள் பெரிய நிலையத்திலிருந்தும், முழுக்க எகோனோமியான வண்டிகள் பெரும்பாலும் கியாராசொண்டோங்கிலிருந்தும் கிளம்புகின்றன. யோக்யகர்த்தாவிலும் துகு, லெம்புயாங்கான் என்று இரண்டு. ஜகார்த்தாவில் காம்பிர், பாசார் செனென் என்று இரண்டு. நான் காம்பிரில் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தேன், என் வண்டி பாசார் செனெனிலிருந்து போய்விட்டது. சீட்டில் அச்சிட்டிருப்பதைப் படிக்காதது என் தவறு, யாரையும் சொல்வதற்கில்லை.

குலசேகரம் ரப்பர் எழுதியது:

ஜாவாவைப் பற்றி மேலே இருவரும் சொல்லிவிட்டார்கள். நான் சுமாத்ராவில் மேடானுக்கு ரப்பர் பால் பதப்படுத்தும் இயந்திர விஷயமாக இரண்டு முறை போனவன். அங்கிருந்து ரந்தாவு பிராபாத் வரை போகும் ஸ்ரீபிலா உத்தாமா வண்டியில் உயர் வகுப்பில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் போனேன். சன்னலுக்கு வெளியே வழிநெடுக எண்ணெய்ப்பனையும் ரப்பரும். நம்மூர் ரப்பர் தோட்டங்கள் உள்ள கீரிப்பாறை பக்கம் போவதுபோல் இருந்தது, என்ன, மலை மட்டும் இல்லை. மேடானைச் சுற்றியுள்ள டெலி வட்டாரத் தோட்டங்களின் விளைச்சலைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக டச்சுக்காரர்கள் போட்ட பாதை அது. அந்தத் தோட்டங்களில் உழைக்க நம் தமிழர்களையும் கொண்டுபோனார்கள். மேடானில் கம்போங் மெட்ராஸ் என்ற பகுதியில் ஒரு மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது.

என் அனுபவத்தில் உயர் வகுப்பில் ஒரே தொல்லை குளிர்தான். அம்மாவுக்கு ஒரு கம்பளிப் போர்வையும் காலுறையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, வெளிநாட்டவர் கடவுச்சீட்டு எண்ணைக் கொடுத்துத்தான் சீட்டு வாங்க முடியும். நிலைய வாயிலில் சீட்டையும் கடவுச்சீட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நம் ஆட்களுக்கு முதலெழுத்து, தந்தை பெயர், வீட்டுப் பெயர் என்று மூன்று இடத்தில் மூன்று விதமாகப் பெயர் இருக்கும். கடவுச்சீட்டில் உள்ளபடியே, எழுத்து மாறாமல் பதியுங்கள்.

அங்கே ரயிலுக்குக் 'கெரேத்தா ஆப்பி' என்று பெயர். ஆப்பி என்றால் தீ. எங்கள் பாட்டி கடைசிவரை ரயிலைத் 'தீவண்டி' என்றுதான் சொல்வார், திருவிதாங்கூர்ப் பழக்கம். மேடான் நிலையப் பலகையில் அந்தச் சொல்லின் பொருள் தெரிந்தபோது பாட்டி நினைவுதான் வந்தது.

தக்கலைக்காரி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. இருக்கையைத் திருப்பலாம் என்ற ஒரு செய்தியிலேயே எங்கள் வீட்டு வழக்கு தீர்ந்துவிட்டது. காலை லோடயாவில் எக்செகுடிஃப், அடுத்தடுத்த இரண்டு வரிசையில் நான்கு இருக்கைகள் என்று முடிவு செய்துவிட்டோம். விலைப்படி எது மலிவோ அது. பனோரமிக் பற்றி மகனிடம் மூச்சுவிடவில்லை.

ஒரே ஒரு ஐயம் மீதியிருக்கிறது. அம்மா சைவம். வண்டியில் அவருக்கு என்ன கிடைக்கும்? வெளியிலிருந்து உணவு கொண்டுபோனால் தடுப்பார்களா?

முட்டம் கடலோடி எழுதியது:

உணவுப் பெட்டி உண்டு, பணியாளர்கள் தள்ளுவண்டியிலும் கொண்டுவருவார்கள். ஆனால் பெரும்பாலும் கோழியோ முட்டையோ சேர்ந்த சோறு. காய்கறி மட்டும் என்று சொல்லி வாங்கினாலும், தொட்டுக்கொள்ளத் தரும் சம்பால் என்னும் மிளகாய்த் துவையலில் இறால் விழுது கலந்திருக்கும். எனக்கு அது தேவாமிர்தம், உங்கள் அம்மாவுக்கு ஆகாது.

கையில் உணவு கொண்டுபோகத் தடையில்லை. வாடை பலமாக வீசும் பொருளுக்குத்தான் தடை. டுரியான் பழத்தை ஏற்றவிடமாட்டார்கள். எங்கள் ஊர்க் கருவாட்டுக்கும் அதே கதிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாண்டுங்கில் காலையில் வெறும் சோறும் பழமும் வாங்கிக்கொண்டு, ஊரிலிருந்து கொண்டுபோன பருப்புப்பொடியை வைத்துச் சமாளிக்கலாம். நேந்திரங்காய்ச் சிப்சும் முந்திரிக்கொத்தும் ஒரு வாரம் தாங்கும். முந்திரிக்கொத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே வையுங்கள். அந்த ஊர்க்காரர்கள் பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் தம் பொட்டலத்தையே பிரிப்பார்கள், பதிலுக்கு நீட்ட உங்கள் கையிலும் ஏதாவது வேண்டும்.