இணைச்சீர் இல்லாத பொள்ளாச்சி கல்யாணம்

செல்வி அத்தை: ஆராச்சும் இன்னைக்கு ரெண்டு மணி சீரியல் பாத்தீங்களா. எனக்கு வந்த எரிச்சல்ல டிவிய அமத்திட்டு மாட்டுக்கு தண்ணி காட்ட போயிட்டேன்

கவி: ஆபீஸ்ல இருந்தனுங் அத்தை. தாலி கட்டிட்டானா

செல்வி அத்தை: எங்க கட்டறான். போன வாரம் தாலிய கையில எடுத்தவன் இன்னும் கையிலயே வெச்சிருக்கறான் சாமி. வாசப்படில ஒருத்தி நிறுத்துங்கன்னா, ஒடனே அத்தன பேரு மூஞ்சியையும் மூணு மூணு தடவ காட்டி டம் டம்னு சத்தம், சமையக்காரரு மூஞ்சி வரைக்கும் காட்டறாங்க, அவருக்கு கதைல என்ன சோலி

ராசாத்தி அக்கா: அதக்கூட பொறுத்துக்கலாமுங் அத்தை. லெட்டர் அந்த புள்ள கையில தான இருக்குது, மாப்பளைகிட்ட குடுத்தா முடிஞ்சுது. குடுக்க போறப்பவெல்லாம் ஒன்னு போன் அடிக்குது இல்லாட்டி மாமியாக்காரி மயக்கம் போட்டு விழுகறா

மணி சித்தப்பா: 😂😂

செல்வி அத்தை: பொள்ளாச்சி தோட்டத்துக்காரரு ஊட்டு கல்யாணம்னு சொல்லிட்டு தென்னந்தோப்ப ட்ரோன்ல ஒருக்கா காட்டுனா ஆச்சா? கல்யாணத்த நடத்தி வெக்கற அருமைக்காரர் எங்க, மாப்பளையோட கூடப்பொறந்தவ பக்கத்துல நின்னு செய்யற இணைச்சீர் எங்க? வில்லி ஆரு, மாப்பளையோட அக்கா. சீருக்கு பொறந்தவ தான கூட நிக்கோணும். மொத நாளு ராத்திரி நான் நிக்கமாட்டேன்னு அவ ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஊடே ஆடிப்போயிருக்கும், அப்பன் கெஞ்சுவாரு, தம்பி மொறைப்பான், ஒறம்பரைக்கு என்ன பதில் சொல்றதுன்னு ஆத்தா பொலம்புவா, இதுலயே ஒரு மாசம் ஓட்டியிருக்கலாம். இவ என்னடான்னா பால்ல வெசம் கலக்கறா

பெரியப்பா: பொறந்தவ நிக்காட்டி பங்காளி ஊட்டு புள்ளைய நிக்க வெப்பாங்க அம்மணி. கல்யாணம் நிக்காது

செல்வி அத்தை: அதத்தானுங்ணா நானும் சொல்றேன். வேற புள்ள கூட நிக்கறத இவ தூணோரமா நின்னு பாக்கோணும்ல, அவ வயிறு எப்புடி எரியும். வெசமே வேண்டாம்

மணி சித்தப்பா: ஏனுங்க்கா, கோலங்கள் சீரியல் 2003ல ஆரம்பிச்சு 2009 வரைக்கும் ஓடுச்சே, அதுல மட்டும் இழுக்கலயா

செல்வி அத்தை: இழுத்தாங்கதான். ஆனா அபிக்கும் ஆதிக்கும் எதுக்கு சண்டைன்னு நமக்கு தெரியும். இவ எதுக்கு தம்பி கல்யாணத்த கெடுக்கறான்னு இன்னைக்கு வரைக்கும் சொல்லல, கேட்டா கெட்டவளாம்

கவி: வியாழக்கிழமையான டிஆர்பி வரும்ங் அத்தை. ஏறியிருந்தா இன்னும் ஒரு வாரம் தாலி கையிலயே இருக்கும், எறங்கியிருந்தா ஆருக்காச்சும் ஆக்சிடென்ட் ஆகும்

ராசாத்தி அக்கா: அப்ப சமையக்காரருக்குதான் ஆகும் பாரு

கவி: செரி, லெட்டர்ல என்னதான் எழுதியிருக்குது

ராசாத்தி அக்கா: ஆருக்கு தெரியும், தீவாளில இருந்து மடிச்சே வெச்சிருக்கறா, இன்னும் பிரிக்கவே இல்ல

பெரியப்பா: ஆத்துத்தண்ணி வந்துருச்சு. சீக்கிரமா புடிச்சுக்குங்க எல்லாரும்