தொடாமலே குலுங்கிய வில்லு மணி

குடக்காரர், ராதாபுரம் பக்கம்:

வில்லுப்பாட்டில் 25 வருஷமாகக் குடம் அடிக்கிறேன். நில அதிர்ச்சி பற்றிப் பேச்சு வந்ததால் இதைச் சொல்லத் தோன்றியது.

ஒரு சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழா. மத்தியானம், பாட்டு இன்னும் தொடங்கவில்லை. குடத்தைப் பிரிமணையில் சாய்த்து, கழுத்தில் வில்லைக் கட்டி வைத்திருந்தோம். வில்லைத் தட்டும் வீசுகோல் தரையில் கிடந்தது. யாரும் தொடாமலே வில்லு மணி சிலிர்த்தது. ஒரு மூச்சு நேரம்தான். குடத்து வாயில் என் உள்ளங்கை இருந்தது. உள்ளே காற்று முனகுவது தோலில் தெரிந்தது. "ஏல, யாருல தட்டுனது?" என்று பாட்டை நடத்தும் அண்ணாவி திரும்பினார். அதற்கு அப்புறம்தான் தூரத்தில் கல் குவாரி வெடி டமார் என்று கேட்டது.

அதற்குள் பெண்கள் குலவை போட்டுவிட்டார்கள். எனக்கும் புல்லரித்தது. காரணம் தெரிந்த பிறகும் அது குறையவில்லை.

காரணம் சொன்னது நிலவியல் படிக்கும் என் மருமகன். "மாமா, காத்துல சத்தம் நொடிக்கு 340 மீட்டர்தான் போகும். கெட்டிப் பாறையில அதிர்வு நொடிக்கு 5 கிலோமீட்டர் ஓடும்." குவாரி எங்களுக்கு இரண்டு கிலோமீட்டர். மணிக்கும் வெடிக்கும் நடுவே ஐந்தரை நொடி. அண்ணாவியின் கேள்வி அதற்குள் அடங்கிவிட்டது.

நிலநடுக்கமும் இதே கதைதான். முதலில் வரும் அலை, ஒலியைப் போலவே பாறையை அமுக்கி விரித்துக்கொண்டு வருகிறது. நம் காதுக்கு நொடிக்கு 20 அதிர்வாவது வேண்டும்; நிலநடுக்கத்தில் பெரும்பகுதி அதற்குக் கீழே. பதிவை வேகமாக ஓட்டினால் சுருதி ஏறிக் காதில் விழும். 2004 சுமத்ரா நிலநடுக்கத்தை அப்படித்தான் போட்டுக் காட்டினான். ஒரு குடத்து அடி. அப்புறம் அடங்கவே அடங்காத ரீங்காரம். கண்ணை மூடிக்கொண்டு மூன்று தடவை கேட்டேன்.

அன்று பூமி முழுவதுமே மணி மாதிரி அதிர்ந்ததாம். அதில் மிக மெதுவான அசைவு ஒரு தடவை போய்வர 54 நிமிடம். இருவரும் கணக்குப் போட்டோம்: ஒரு ஸ்தாயி ஏற்றினால் அதிர்வு வேகம் இரட்டிப்பாகும்; அப்படி 16 ஸ்தாயி மேலே ஏற்றினால்தான் மனிதக் காதின் கீழ் எல்லையைத் தொடுகிறது. எங்கள் ஆர்மோனியத்தில் இருப்பதே மூன்று ஸ்தாயி!

டவுன்காரி:

அண்ணாச்சி, நெல்லையப்பர் கோயில் மணி மண்டபத்துத் தூண்கள் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் ஒரு தூணில் காதை வைத்திருந்தேன். அப்பா பக்கத்துத் தூணை விரலால் சுண்டினார். என் தூண் பேசியது! கல்லின் குளிர்ச்சி இன்னும் கன்னத்தில் இருக்கிறது. (இப்போது யாரும் தட்ட வேண்டாம், பாவம் அந்தக் கல்.)

கட்டடத்துக்கும் சொந்தச் சுருதி உண்டு. 1985 மெக்சிகோ நகர நிலநடுக்கத்தில் பழைய ஏரி மண் இரண்டு நொடிக்கு ஒரு தடவை ஆடியது. அந்தச் சுருதிக்கு ஒத்துப்போன நடுத்தர உயரக் கட்டடங்கள்தான் அதிகம் விழுந்தன. குட்டையானவை பல தப்பின.

உவரிக்காரர்:

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வெறுங்காலோடு மணலில் நின்றேன். கடல் வரும்வரை எனக்கு ஒன்றும் தெரியாது. அன்று உலகத்தில் எந்த இடமும் ஒரு சென்டிமீட்டராவது அசையாமல் இருக்கவில்லை என்று பிற்பாடு படித்தேன். அப்படியென்றால் என் காலடியிலும் அந்த அலை போயிருக்கிறது.

குடக்கார அண்ணாச்சி, அந்தப் பதிவை எனக்கும் போட்டுக் காட்டுங்கள். நான் கேட்க வேண்டும்.