மீசோதீலியோமா: உறைப்புற்றா, இடையணிப்புற்றா?

மொழிபெயர்ப்பாளர், மதுரை:

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

தொழில்நோய்கள் பற்றிய சிறு கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். படிக்கப்போகிறவர்கள் ஷீட் கூரை போடுபவர்கள், பழைய கட்டடம் இடிப்பவர்கள், அவர்கள் வீட்டார். மூன்று நாளாக மீசோதீலியோமாவில் நிற்கிறேன்; நுரையீரல், வயிறு முதலியவற்றைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வில் வரும் புற்று அது. ஆஸ்பெஸ்டாஸைக் கல்நார் என்கிறோமே, அதை வைத்து ‘கல்நார்ப்புற்று’ என்றுவிடலாமா? எதனால் வருகிறது என்பது பெயரிலேயே இருந்துவிடுமே.

மருத்துவர், கோவை:

வேண்டாம் அம்மா. ஆசை புரிகிறது, ஆனால் கல்நார் ஒரே ஒரு புற்றைக் கொடுத்துவிட்டு ஓய்வதில்லை. நுரையீரல், குரல்வளை, சூலகம் மூன்றிலும் அதனால் புற்று வரும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை சொல்லியிருக்கிறது. வெள்ளைக் கல்நார் உட்பட எல்லா வகையும் அதன் முதல் தொகுதியில் இருக்கின்றன. மனிதருக்குப் புற்று உண்டாக்கும் என்று நிறுவப்பட்டவற்றின் வரிசை அது. மீசோதீலியோமாவுக்கு மட்டும் கல்நார்ப்புற்று என்று பெயர் போனால், பீடியும் குடித்துக் கல்நார்த் தூசியிலும் வேலை பார்த்தவரின் நுரையீரல் புற்றை ‘பீடியால் வந்தது’ என்று எளிதாக ஒதுக்கிவிடுவார்கள். இரண்டும் சேரும்போது ஆபத்து தனித்தனி ஆபத்துகளின் கூட்டுத்தொகையையும் தாண்டும் என்பது யாருக்கும் நினைவிருக்காது.

மறுபக்கமும் உண்டு. துருக்கியில் கப்படோக்கியாப் பகுதியின் கரைன் முதலிய ஊர்களில் இந்த நோய் வாரிக்கொண்டு போனது. காரணம் கல்நார் அன்று; அந்த மண்ணிலும் வீடு கட்டிய கல்லிலும் இருந்த எரியோனைட் என்ற வேறொரு நார்க்கனிமம்.

‘கல்நார் நோய்’ என்பதையும் இதற்குச் செலவழித்துவிடாதீர்கள். தூசியால் நுரையீரல் தழும்பேறி இறுகும் அஸ்பெஸ்டோசிஸுக்கு அது வேண்டும். அது புற்றே அல்ல.

ஆசிரியர், மட்டக்களப்பு:

எங்கள் பாடநூல்களில் உறுப்புகளின் மேற்பரப்பை மூடும் திசுவான எபிதீலியம் மேலணி, இரத்தக் குழாய்களின் உட்புறத்தை மூடும் எண்டோதீலியம் அகவணி. அந்த வரிசையில், இந்தப் புற்று தொடங்கும் சவ்வான மீசோதீலியம் இடையணிதானே? ஆகவே இடையணிப்புற்று. புதிதாக எதையும் தேட வேண்டியதில்லை.

சொல்லுக்குப் புறம்பாக ஒன்று. எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்குச் சீற் கூரைதான். 2018இலிருந்து கல்நார் இறக்குமதி இல்லை என்று அரசு அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியில் ஒரு வண்டு இருந்தது என்று சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. எங்களுக்குக் கல்நார் விற்பதும் பெரும்பாலும் ரஷ்யாதான். கொஞ்ச நாளில் கல்நார்த் தடை ஒத்திப்போனது, தேயிலைத் தடையும் எடுபட்டது. வண்டுக்கு மட்டும் கலைச்சொல் கேட்டு எழுதிவிடாதீர்கள்.

மொழிபெயர்ப்பாளர், மதுரை:

கல்நார்ப்புற்றைக் கைவிட்டேன். கல்நாரால் வரும் எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘கல்நார்வழிப் புற்றுகள்’ என்று பன்மையில் வைத்துக்கொள்கிறேன்.

இடையணியில் எனக்கு மனம் ஒட்டவில்லை, ஐயா. வகுப்பில் மேலணி, அகவணி என்று வரிசையாகப் படிக்கும் பிள்ளைக்கு அது சரி. கையேட்டில் தனியாக நின்றால், எங்கள் ஊர்க்காரருக்கு அணி என்றதும் கிரிக்கெட்தான் வரும். அதோடு, எதற்கும் எதற்கும் இடை? கருவின் நடு அடுக்கிலிருந்து உண்டானதால் மீசோ என்றார்கள். நெஞ்சில் நீர் கோத்து மூச்சுவாங்கி உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் கருவியல் எதற்கு? திசுவுக்கு இடையணி இருக்கட்டும். நோய்க்கு வேறு பார்ப்போம்.

ஓமா என்று முடிந்தாலே ‘கட்டி’ போடுவது நம் வழக்கம். இங்கே அதுவும் உதவாது. மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டேன்: இது உருண்டையாகத் திரள்வதைவிட, மரத்தைச் சுற்றிய பட்டைபோல நுரையீரலைச் சுற்றிப் படர்ந்து இறுக்குமாம். கட்டி என்று எழுதினால், ‘தொட்டுப் பார்த்தேன், கட்டி எதுவும் இல்லையே’ என்று ஒருவர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்.

ஆகவே ‘உறைப்புற்று’ என்கிறேன். தலையணைக்கு உறை, கைக்கு உறை. பெரிகார்டியத்தை இதய உறை என்று ஏற்கெனவே சொல்கிறோம். இடம் முன்னால் சேர்ந்துகொள்ளும்: நுரையீரலுறை, வயிற்றுறை, இதயவுறை, விரையுறை. இந்த நோய் வரக்கூடிய நான்கு இடமும் அடங்கிவிட்டது.

இனி கல்நார் என்ற சொல்லைப் பற்றி. ஷீட், சீற், சிமெண்ட் கூரை என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறோம். கூரைக்குள் என்ன இருக்கிறது என்பது எதிலும் இல்லை. கையேடு முழுக்கக் ‘கல்நார் ஷீட்’ என்றே எழுதப்போகிறேன். கல்நார் பழைய சொல்தான், ஆனால் செய்தவர் யாராக இருந்தாலும் கெட்டிக்காரர். வாழைநாரைக் கிழிக்கக் கிழிக்க அது நீளவாக்கில் மெலிந்துகொண்டே போகும், குறுக்கே நொறுங்காது. கல்நாரும் அப்படித்தான், கண்ணுக்குத் தெரியாத இழையாகி மூச்சோடு உள்ளே போவதற்குக் காரணமே அந்த நார்த்தன்மை. ஆஸ்பெஸ்டாஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு ‘அணையாதது’ என்று பொருள். இன்றைய கிரேக்கர்கள் அந்தச் சொல்லைச் சுண்ணாம்புக்கு வைத்துக்கொண்டு, கல்நாரை அமியாந்தோஸ் என்கிறார்கள். ‘மாசற்றது’ என்று அர்த்தம். பிரெஞ்சிலும் இத்தாலியத்திலும் அதே வேர்தான். நம் சொல் எவ்வளவோ மேல்.

பெயரை மாற்றித் தப்புவதும் நடக்கிறது. கனடாவில் ஆஸ்பெஸ்டாஸ் என்றே ஓர் ஊர் இருந்தது. சுரங்கம் மூடி, நாடே 2018இல் கல்நாரைத் தடைசெய்த பிறகு, 2020இல் ஊர் வல்-தெ-சூர்ஸ் ஆனது. ஊர்க்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே நாட்டில் கல்நார் விற்பவர்களுக்காகப் பரிந்துபேசிய ஆஸ்பெஸ்டாஸ் நிறுவனம், சுரங்கம் ஓடிக்கொண்டிருந்தபோதே தன் பெயரைக் கிரைசோடைல் நிறுவனம் என்று மாற்றிக்கொண்டது. கிரைசோடைல் என்றால் வெள்ளைக் கல்நார். ஆகவே நம் பட்டியலில் கிரைசோடைல் தனியாக வரக் கூடாது; ‘வெண்கல்நார்’ என்றே வர வேண்டும்.

அவர்களுடைய இன்னொரு சொல் ‘கட்டுப்பாடான பயன்பாடு’; கவனமாகக் கையாண்டால் ஆபத்தில்லை என்ற வாதம். இதை மேற்கோள்குறி இல்லாமல் எழுத எனக்குக் கை வரவில்லை. சாரத்தில் நின்று ஷீட்டைத் துளைபோடும் ஆளுக்கு எந்தக் கட்டுப்பாடு போய்ச் சேர்ந்திருக்கிறது? 50க்கும் மேற்பட்ட நாடுகள் தடைசெய்துவிட்டன. இந்தியா தோண்டாமல் வாங்கிக்கொண்டிருக்கிறது. அபாயமான வேதிப்பொருள்களின் வணிகத்துக்கான ராட்டர்டாம் உடன்படிக்கையின் பட்டியலில் வெண்கல்நாரைச் சேர்க்கும் முயற்சி 2006இல் தொடங்கித் திரும்பத் திரும்ப முட்டி நிற்கிறது. எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் சேர்க்க முடியும். ரஷ்யா போன்ற சில நாடுகள் மறுத்தால் போதும். இத்தனைக்கும் அந்தப் பட்டியல் தடைப்பட்டியல்கூட இல்லை. ஆபத்தைச் சொல்லிவிட்டு, வாங்கும் நாட்டின் சம்மதத்தைக் கேட்டு அனுப்பு என்பதுதான். அதை ‘முன்னறிந்த இசைவு’ என்று எழுதியிருக்கிறேன்.

ஆசிரியர், மட்டக்களப்பு:

எல்லாம் நல்லது. ஆனால் எங்கள் பக்கத்தில் உறைப்பு என்றால் காரம். ‘உறைப்புற்று’ என்று சேர்த்து எழுதினால், மிளகாய் கூடிப்போன கறி என்றுதான் படிப்பார்கள். என் மனைவியிடம் காட்டினேன், அப்படித்தான் படித்தார்.

சூழுறை என்றால் என்ன? சூழ்ந்திருக்கும் உறை, சூழ்ந்து இறுக்கும் நோய். ‘சூழுறைப் புற்று’. இடையணி திசுவுக்கு நிற்கிறது என்றபடியால் எனக்கு வருத்தமில்லை.

மருத்துவர், கோவை:

சூழுறைப் புற்றுக்கு என் ஓட்டு.

இன்னொரு சொல்லும் தீர வேண்டும். தூசி போன நாளுக்கும் நோய் வெளிப்படும் நாளுக்கும் நடுவே 20 முதல் 50 ஆண்டு ஓடிவிடும். அதற்குக் கையேட்டின் வரைவில் ‘அடைகாலம்’ என்று இருக்கிறது. அம்மைக்கும் டைபாய்டுக்கும் சொல்வது அது. கேட்பவர் பத்து நாள் என்று நினைப்பார். ‘உறங்குகாலம்’ என்றால் நார் சும்மா இருந்ததாகப் பொருள்படும். அது சும்மா இருப்பதில்லை. ‘மறைகாலம்’ என்று போடுங்கள்.

இது வெறும் சொல்லழகுக்காக அல்ல. 1995இல் உச்சநீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர் வழக்கில், ஒவ்வொருவரின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு, அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டு, எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்கச் சொன்னது. ஏன் 40 என்பது மறைகாலம் தெரிந்தவருக்குத்தான் புரியும். என்னிடம் வரும் பெரியவர்களிடம் இளவயதில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டால், ‘அது எதுக்கு சார் இப்போ?’ என்கிறார்கள்.

மொழிபெயர்ப்பாளர், மதுரை:

உறைப்பை நான் யோசிக்கவே இல்லை! சூழுறைப் புற்று, மறைகாலம் இரண்டையும் ஏற்கிறேன். முதல் முறை வரும்போது மட்டும் பக்கத்தில் மீசோதீலியோமா என்றும் எழுதிவிடுகிறேன். மருத்துவமனைச் சீட்டில் அந்தப் பெயர்தான் இருக்கும்.

கல்நாரின் வேறு இரு வகைகளான குரோசிடோலைட், அமோசைட்டுக்குப் பட்டியலில் வைத்திருக்கும் நீலக்கல்நார், பழுப்புக்கல்நார் இரண்டுக்கும் மறுப்பு வரவில்லை, அப்படியே விடுகிறேன். மறைகாலத்துக்கு எதிர்ப்பு இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள். திங்கள் காலை அச்சகத்துக்குப் போகிறது.