பழைய ஆங்கிள் கிரைண்டரில் கரகர சத்தம், பிரஷ்தானா?

போன வாரம் பழைய சாமான் கடையில் இரும்பு வெட்டவும் தேய்க்கவும் பயன்படும் 4 இன்ச் கிரைண்டர் ஒன்று 900 ரூபாய்க்கு வாங்கினேன். டிஸ்க் மாட்டாமல் ஓட்டினாலே உள்ளே மணலைப் போட்டு அரைப்பது மாதிரி சத்தம், கொஞ்ச நேரத்தில் முன்பக்கம் கை வைக்க முடியாத சூடு. கார்பன் பிரஷ் (மோட்டாரின் சுற்றும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) மாற்றினால் சரியாகுமா?

பதில் 1:
பிரஷ் மேல் பழி போடும் முன் முழு வேகத்தில் ஓடவிட்டு சுவிட்சை அணையுங்கள். சுற்றி நிற்கும் வரை சத்தம் கூடவே வந்தால் பேரிங் அல்லது கியர், அணைத்த நொடியே போய்விட்டால் பிரஷ் பக்கம் பாருங்கள்.

கேட்டவர்:
கடைசிச் சுற்று வரை வருகிறது அண்ணா.

பதில் 2:
அப்போ பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஸ்பிண்டிலை (டிஸ்க் மாட்டும் தண்டு) ஆட்டிப் பாருங்கள், ஆடினால் முன் பேரிங் போச்சு. அப்புறம் கியர் தலையின் (முன்பக்கம் கியர் இருக்கும் பெட்டி) 4 ஸ்குருவையும் கழற்றுங்கள். என்னுடையதில் கிரீஸ் காய்ந்து மெழுகாகி, ஒரு பல்லும் மூளியாகி இருந்தது. கியர் மாற்றினால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றிக் காசைக் கரியாக்காதீர்கள்.

கேட்டவர்:
கழற்றிவிட்டேன். பல்லெல்லாம் நன்றாக இருக்கிறது, கிரீஸ்தான் துளிகூட இல்லை. பின் பேரிங்கை விரலால் சுற்றினால் நறநறவென்கிறது, மேலே 608 என்று போட்டிருக்கிறது.

பதில் 1:
அந்தப் பின் பேரிங்தான் ஆள். 608 என்பது பேரிங்கின் அளவு எண், எங்கேயும் கிடைக்கும், பழசைக் கையோடு எடுத்துப் போங்கள்.