முதியோர் இல்லத்தில் பிபிடி (பிசியோதெரபி பட்டப்படிப்பு) இன்டர்ன்கள்: மேற்பார்வை எப்படி?

மதுரை பிசியோ:
எங்கள் பக்கத்து முதியோர் இல்லத்துக்குக் கல்லூரியிலிருந்து நான்கு இன்டர்ன்களை அனுப்பியிருக்கிறார்கள், மேற்பார்வை என் பொறுப்பு. கிளினிக்கையும் பார்த்துக்கொண்டு வாரம் இரண்டு நாள்தான் அங்கே போக முடிகிறது. மற்ற நாட்களில் வார்டனும் ஆயாக்களும்தான். "மெஷின் இல்லை, கேஸ் இல்லை, பாட்டி தாத்தாவை நடக்க வைப்பதைத் தவிர இங்கே என்ன இருக்கிறது மேடம்?" என்று நேற்று ஒரு பையன் கேட்டான். கோபம் வரவில்லை, வருத்தமாகத்தான் இருந்தது. நானும் அவர்களுக்கு இன்னும் எதையும் உருப்படியாகக் காட்டவில்லை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஈரோட்டிலிருந்து:
மேடம், முதல் இரண்டு நாள் பயிற்சியே வேண்டாம். ஆளுக்கு ஒரு பெரியவர், அவர் விடியற்காலையில் எழுவதிலிருந்து மதியச் சாப்பாடு வரை கூடவே இருக்கட்டும். என்னிடம் வந்த மாணவி ஒரு பாட்டிக்குப் பத்து நாளாகத் தொடைத் தசைக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். பாட்டி பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து நன்றாகவே எழுந்துவிடுவார், கட்டிலிலிருந்து எழத்தான் ஆள் வேண்டும். காலை ஐந்தரைக்குப் போய்ப் பார் என்றேன். பார்த்தால் தாழ்வான கட்டில், பழைய பஞ்சு மெத்தை, உட்கார்ந்தால் இடுப்பு அமுங்கி முழங்கால் மேலே நிற்கிறது. மெத்தைக்கு அடியில் பலகை போட்டு, கட்டில் கால்களுக்கு மரக்கட்டை கொடுத்தோம். மறுநாள் அவராகவே எழுந்து பாத்ரூம் போனார்.

அப்புறம், நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரும் டெஸ்டுக்கு ஒரு ஸ்டாப்வாட்ச் போதும். உடல் சமநிலையை அளக்கும் பெர்க் ஸ்கேலில் 14 வேலைகள், மொத்தம் 56 மதிப்பெண், அதற்கும் பெரிதாக எதுவும் வேண்டாம். முதல் வாரமும் கடைசி வாரமும் எடுக்கச் சொல்லுங்கள், கேஸ் இல்லை என்ற பேச்சே வராது.

இங்கிலாந்து பிசியோ:
இங்கே படிப்பு முடிவதற்குள் சுமார் 1000 மணி நேரம் பிளேஸ்மென்ட், அதாவது நேரடிக் களப்பயிற்சி, கேர் ஹோமுக்கும் அனுப்புவார்கள். பிசியோ அங்கேயே இருக்க மாட்டார், லாங் ஆர்ம் சூப்பர்விஷன் என்போம். ஆனால் இல்லத்தில் தினமும் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒருவர் கட்டாயம் இருப்பார். நீங்கள் போகாத நாளில் மாலை இருபது நிமிடம் போனில் பேசுங்கள். என்ன செய்தாய் என்று கேட்டால் பட்டியல்தான் வரும், இன்று எதை மாற்றினாய், ஏன் என்று கேளுங்கள்.

திருச்சி மேடம்:
எல்லாம் சரி, நீங்கள் இல்லாதபோது எதைச் செய்யக்கூடாது என்பதை முதலில் எழுதிக் கொடுங்கள். நாள்கணக்கில் படுத்தே கிடந்தவரை முதன்முதலாக நிற்க வைப்பது நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதுதான். படுத்திருக்கையில் ஒரு பிபி, எழுந்து நின்று 3 நிமிடத்துக்குள் மறுபடி பிபி, மேல் அளவு 20 குறைந்தால் உட்கார வைத்துவிட்டு உங்களுக்குப் போன். யாராவது விழுந்தால் உடனே கையைப் பிடித்துத் தூக்கிவிடக்கூடாது, இடுப்பு வலிக்கிறதா, கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரியவர் இன்று வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இன்னொன்று, எந்தத் தாத்தாவுக்கு எந்தப் பக்கம் நின்றால் பயம் போகும் என்பது ஆயாக்களுக்குத்தான் தெரியும், பிள்ளைகள் அவர்களிடம் கேட்டுப் பழகட்டும்.

மதுரை பிசியோ:
ரொம்ப நன்றி. திங்கள் ஐந்தரைக்கு நானும் அவர்களோடு போகிறேன். கல்லூரிப் படிவத்தில் எலக்ட்ரோதெரபிக்கு (மின்கருவிச் சிகிச்சைக்கு) ஒரு கட்டம் இருக்கிறது, அதில் என்ன போடுவது?

ஈரோட்டிலிருந்து:
காலியாக விடுங்கள். கட்டிலை உயர்த்தியது, ஆயாவுக்குத் தூக்கும் முறை சொல்லிக் கொடுத்தது இதையெல்லாம் தனித்தாளில் எழுதிச் சேர்த்து அனுப்புங்கள், நான் அப்படித்தான் செய்கிறேன்.